அப்பா எதனால் இறந்தார்

கோயமுத்தூர் டாக்டர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, ராத்திரி எத்தனை தடவை எழுந்து போகிறீர்கள், முதுகு வலி உண்டா. கடைசியில் அவர், "உங்க அப்பா எதனால இறந்தாரு?" என்று கேட்டார்.

"வாதமுங்க," என்றேன். எங்கள் வீட்டில் முப்பது வருஷத்துக்கு மேலாக அப்படித்தான் சொல்லிவருகிறோம்.

"பக்கவாதமா?"

"இல்லீங்க. கை கால் நல்லாத்தான் இருந்துச்சு. இடுப்புலயும் தொடையிலயும் எலும்பு வலின்னு படுத்தாருங்க. அப்பறம் எந்திரிக்கல."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "எலும்பு வலியா," என்று தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார். பக்கத்து நாற்காலியில் இருந்த என் மனைவி என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். ஆனால் அந்த நிமிஷம் அப்பா அந்த அறைக்குள் வந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் என்னை விட்டுப் போகவே இல்லை.

எனக்கு அப்போது அறுபத்தொன்று. திருப்பூரில் ஒரு சின்ன தையல் யூனிட் வைத்திருக்கிறேன். எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரர்கள் வெட்டி அனுப்பும் துணியைக் குழந்தைகள் சட்டையாகத் தைத்துக் கொடுக்கிற வேலை. பெரும்பாலும் மகன்தான் பார்த்துக்கொள்கிறான். நான் காலையில் போய் மெஷின் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தால்தான் நாள் போன மாதிரி இருக்கும். அங்கேதான் முதலில் தெரிந்தது, ஒன்றுக்குப் போனால் வெளியே வர நேரமாகிறது என்று. வெளியே தையல்காரர்கள் காத்துக்கொண்டு நிற்பார்கள். வயசானால் எல்லாருக்கும் வருவதுதானே என்று ஒரு வருஷம் தள்ளிப்போட்டேன். எங்கள் தெரு டாக்டர்தான் பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனையைச் செய்யச் சொன்னார். அது கூடுதலாக இருந்தது. கோயமுத்தூருக்கு அனுப்பினார்கள். ஸ்கேன், பிறகு பல இடங்களில் ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். அதில் இரண்டு துணுக்கில் புராஸ்டேட் கேன்சர் இருந்தது.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். இது ஆரம்பம், கொஞ்சம், மெதுவாக வளரக்கூடியது. மூன்று வழி இருக்கிறது. ஆபரேஷன் செய்து புராஸ்டேட் சுரப்பியை எடுத்துவிடலாம். கதிர்வீச்சு கொடுக்கலாம். இரண்டிலும் நோய் போக நல்ல வாய்ப்பு இருக்கிறது; ஆனால் சிறுநீர் கசியலாம், மலம் அடக்க முடியாமல் போகலாம், தாம்பத்தியம் முன்னே மாதிரி இல்லாமல் போகலாம். மூன்றாவது வழி, இப்போதைக்கு எதுவும் செய்யாமல் கவனித்துக்கொண்டே இருப்பது.

"சும்மா உட்டுடறதுங்களா?" என்று என் மனைவி கேட்டாள்.

"சும்மா இல்லம்மா. ஆறு மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் பாப்போம். ஸ்கேன் எடுப்போம். மறுபடி ஊசி உட்டுச் சதை எடுத்தும் பாப்போம். மாறுதுன்னு தெரிஞ்சா அப்ப வைத்தியம் பண்ணுவோம். நிறைய பேருக்கு அந்த அவசியமே வராது."

அவசரமில்லை, வீட்டில் பேசி யோசித்து வாருங்கள் என்றார். எழுந்து நின்றபோது, அப்பா விஷயத்தை யாரிடமாவது விசாரித்துவிட்டு வரச் சொன்னார். அப்பாவுக்கு இதே நோய் இருந்திருந்தால் எனக்குக் கூடுதல் ஜாக்கிரதை வேண்டுமாம்.

திரும்பும் வழியில் அவிநாசி தாண்டினோம். பிறகு அவள்தான், "எடுத்துப்போடச் சொல்லிருங்க. அத உள்ள வெச்சுக்கிட்டு எப்படிங்க சோறு எறங்கும்?" என்றாள். நான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன். என் மனசில் கேன்சர் இல்லை. பழைய வீட்டின் பின் அறைதான் இருந்தது.

அப்பா ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்து, பிறகு சொந்தமாக நாலு மெஷின் போட்டவர். முன்னறையில் மெஷின், பின்னால் குடித்தனம். பெரிய குரல்காரர். வீட்டில் சட்டை போடமாட்டார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நெற்றியிலும் மார்பிலும் விபூதியோடு, தெருவில் நிற்கிற ஆளையெல்லாம் கூப்பிட்டுப் பேசுவார். தைப்பூசத்துக்கு ஒவ்வொரு வருஷமும் காவடி எடுத்துப் பழனிக்கு நடப்பார். எனக்கு இருபத்துநாலு வயசிருக்கும்போது அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில். அம்மாவும் அக்காவும் கூடப் போனார்கள். கம்பெனியைப் பார்த்துக்கொள், வர வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டார்கள்.

திரும்பி வந்தவர் வேறு ஆளாக இருந்தார். பின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வீட்டுக்குள்ளும் சட்டை போட்டுக்கொண்டே இருந்தார், அதுவும் தொளதொளவென்று. சொந்தம், ஒரம்பரை என்று யார் வந்தாலும் எழுந்து வந்து பேசமாட்டார். தைப்பூசத்துக்கு ஊர்க்காரர்கள் காவடி கட்டிக்கொண்டு வாசலில் வந்து கூப்பிட்டபோது, கால் நோவுது என்று உள்ளேயிருந்தே சொல்லி அனுப்பினார். அந்த வருஷம் அவருக்குக் கால் நோவு ஒன்றும் இருக்கவில்லை.

உண்மையான வலி கடைசி வருஷத்தில் வந்தது. இடுப்பு, தொடை, முதுகெலும்பு. அவர் கத்தமாட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவார். அது சுவர் தாண்டி மெஷின் அறைக்குக் கேட்கும். கேட்கக்கூடாது என்று அம்மா எங்களிடம், ஓவர்லாக் மெஷினை நிறுத்தாமல் ஓட்டுங்கள் என்பாள். துணி இல்லாவிட்டால்கூடக் கழிவுத் துணியைக் கொடுத்து ஓட்டச் சொல்வாள். நாங்கள் ஓட்டினோம். சில மத்தியானங்களில் மெஷினை நிறுத்தினால் அந்த முனகல் மட்டும் மிச்சம் இருக்கும். எனக்கு இருபத்தெட்டு வயசாகும்போது அவர் போனார். வாதம் என்று சொன்னார்கள். நானும் அதையே எல்லாருக்கும் சொன்னேன்.

அம்மா இறந்து பல வருஷமாகிவிட்டது. தெரிந்தவள் அக்கா ஒருத்திதான். மூலனூரில் இருக்கிறாள். அத்தான் முருங்கைக்காய் வியாபாரம் செய்தவர், இப்போது அவள் மகன் செய்கிறான். அந்த வார ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகப் போனேன்.

சந்தைக்கு அனுப்ப வேண்டிய காய் வாசலில் குவிந்து கிடந்தது. அக்கா கீழே உட்கார்ந்து நீளம் பார்த்துக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். எழுபது வயசுக்கு மேல் ஆகியும் கை நிற்காது. காப்பி குடித்தேன். பேரன் படிப்பு, மழை எல்லாம் பேசினோம். பிறகு டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கேன்சர் என்ற சொல்லைச் சொல்லும்போது என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. எந்த இடம் என்று கேட்டாள். சொன்னேன்.

அவள் கை நின்றது. கையில் இருந்த கட்டை அவிழ்த்து மறுபடி கட்டினாள். மறுபடி அவிழ்த்தாள்.

"தம்பி, அப்பாவுக்கு அது குடலெறக்கம் இல்ல," என்றாள்.

நான் அவள் பக்கத்தில் கீழே உட்கார்ந்தேன்.

"இதே சீக்குதான். இதே எடம். பாக்கும்போதே எலும்புக்குப் போயிருச்சுன்னாங்க. அப்ப அதுக்கு என்ன வைத்தியம் தெரியுமா? ஆம்பளைக்கு உண்டானத எடுத்துருவாங்க. அதான் எடுத்தாங்க."

மிச்சத்தைத் துண்டு துண்டாகச் சொன்னாள். முதலில் டாக்டர் சொன்னபோது அப்பா ஒத்துக்கொள்ளவே இல்லையாம். வேண்டாம், செத்தாலும் பரவாயில்லை என்று ஒரு வருஷம் இருந்திருக்கிறார். அந்த ஒரு வருஷமும் அம்மாவுக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் விஷயம் தெரியும். வலி பொறுக்க முடியாமல் போன பிறகுதான் சரி என்றார். அந்த வலியைத்தான் என்னிடம் குடலிறக்கம் என்று சொல்லியிருந்தார்கள்; ஆபரேஷனுக்குப் பிறகு சில வருஷம் அது அடங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். மகனுக்குத் தெரியக்கூடாது. மருமகனுக்குத் தெரியக்கூடாது. அத்தான் சாகும்வரை அவருக்கும் அக்கா சொல்லவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவுக்கு மார்பு பெண்களுக்கு மாதிரி கொஞ்சம் பருத்துவிட்டதாம். அதனால்தான் சட்டை. ஊனப்பட்ட உடம்போடு காவடி தூக்கக்கூடாது என்று அவராகவே நினைத்துக்கொண்டார். முருகன் அப்படிச் சொன்னாரா என்று அம்மா கேட்டு அழுதிருக்கிறாள்.

"செத்தும் அந்த மனுசன் என்னய உடல," என்றாள் அக்கா. "இப்பவும் சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். உனக்கு வந்துருச்சே, அதனால சொல்றேன். நீ அவராட்டம் நாளக் கடத்தாத கண்ணு. போய் வைத்தியம் பண்ணிக்க."

திரும்பும்போது தாராபுரம் ரோட்டில், காற்றாலைகள் நிற்கிற இடத்தில் வண்டியை ஓரம் கட்டினேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. எனக்கு வந்தது பயம். அந்தப் பின் அறையில் இருந்தது என்ன என்று முப்பது வருஷம் தெரியாமல் இருந்தேன். இப்போது தெரிந்துவிட்டது. அது என் உடம்புக்குள்ளேயே இருக்கிறது.

மறுபடி டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னோம். என் மனைவி அழுதாள். அவர் பரம்பரைக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். அதில் ஒன்றும் வரவில்லை. அப்பாவுக்கு இருந்ததால் வைத்தியம் செய்துகொள்வதும் நியாயம்தான், கவனித்துக்கொண்டிருப்பதும் தப்பில்லை, இன்னும் கொஞ்சம் நெருக்கமாகப் பார்க்கலாம் என்றார். முடிவை அவர் என் கையிலேயே கொடுத்தது எனக்குக் கோபமாக இருந்தது. இதைச் செய் என்று யாராவது ஒருத்தர் சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தேன்.

"எங்க அப்பாவும் ஒரு வருசம் காத்துக்கிட்டிருந்தாருங்க," என்றேன்.

"அவரு நோய் பரவுன பிறகு வைத்தியம் வேணாம்னு இருந்தாரு. உங்களுக்கு இன்னும் பரவல. பரவறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கத்தான் பாத்துக்கிட்டே இருக்கப் போறோம். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

அவர் சொன்னது புத்திக்குப் புரிந்தது. ஆனால் உடம்புக்குப் புரியவில்லை. அந்த மாதம் முழுக்க நான் இரண்டு பக்கமும் இழுபட்டேன். அக்கா வாரத்துக்கு இரண்டு முறை போன் செய்து எப்போது ஆபரேஷன் என்று கேட்டாள். மனைவி கேட்கவில்லை; அவள் கேட்காமல் இருந்தது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒரு நாள் மத்தியானம் சாப்பாடு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"உங்க அப்பா கதை தெரிஞ்ச பொறகுமா யோசிக்கறீங்க?"

"அது தெரிஞ்சதாலதான் அம்மிணி கத்தின்னாலே பயமா இருக்குது. உசுரு மிஞ்சி, நானும் அவராட்டம் கதவச் சாத்திக்கிட்டா?"

"எனக்கு நீங்க இருக்கணும். கட்டில்ல என்ன நடக்குது நடக்கலைங்கறதெல்லாம் எனக்கு ஒண்ணுமில்லீங்க," என்றாள். எங்கள் கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் இப்படி வெளிப்படையாகப் பேசியதில்லை. சொல்லிவிட்டு எழுந்து போய்க் குழாயைத் திறந்து, கழுவ வேண்டியதில்லாத பாத்திரத்தைக் கழுவினாள்.

நான் கண்காணிப்பு என்றே முடிவு செய்தேன். யாராவது கேட்டால் டாக்டர் சொன்ன காரணங்களைச் சொல்வேன், அவை உண்மையும்கூட. ஆனால் அதில் பாதி பயம் என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் ஒரு நிபந்தனை போட்டாள். ஒவ்வொரு பரிசோதனைக்கும் அவள் கூட வருவாள், டாக்டர் சொல்வதெல்லாம் அவளுக்கும் தெரிய வேண்டும், மகனிடம் நானே சொல்ல வேண்டும்.

மகனிடம் யூனிட்டில் வைத்துச் சொன்னேன். ஷிப்மெண்ட் அவசரத்தில் இருந்தான். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆபீஸ் அறையின் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு, என் நோயைச் சொன்னேன், பிறகு அவன் பார்த்தே இராத தாத்தாவின் நோயையும் சொன்னேன். சத்தியம் வாங்கிய கதையையும் சொன்னேன். அவன் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். கடைசியில், "அப்ப நானும் பாக்கோணுங்களாப்பா?" என்றான். நாற்பது வயசு தாண்டியதும் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர் என்றேன். அவனுக்கு அப்போது முப்பது. தலையை ஆட்டினான். வெளியே போய்த் தேய்க்கிற மேஜைப் பக்கம் நின்றுகொண்டு, அயர்ன் செய்கிற பீகார்ப் பையன்களிடம் ஹிந்தியில் ஏதோ அதட்டினான். அவன் தன் முகத்தை அவர்களிடமிருந்தும் மறைத்துக்கொள்வது தெரிந்தது.

கவனித்துக்கொண்டே வாழ்வது எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பரிசோதனை முடிந்து நன்றாக இருக்கிறது என்று வந்ததும் சில மாதம் மறந்து போகும். வேலை, கல்யாணம், விசேஷம், பேத்தி பிறந்தது, எல்லாம் நடக்கும். அடுத்த பரிசோதனை நெருங்க நெருங்க அப்பா வருவார். மாடிப்படி ஏறும்போது இடுப்பில் ஒரு இழுப்பு வந்தால், அங்கேயே நின்று அது எலும்பா தசையா என்று கேட்டுக்கொள்வேன். பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது கண்ணாடிக் கதவில் என் முகம் தெரியும். கண்ணுக்குக் கீழே சதை தொங்குவது அப்படியே அவர்தான். யூனிட்டில் கரண்டு போய் மெஷின்கள் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றால், அந்த நிசப்தத்தில் நான் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை என் மகன் பார்த்திருக்கிறான். என்னங்கப்பா என்பான். ஒன்றுமில்லை என்பேன். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்வரை எனக்கு மூச்சு சீராகாது.

ஒரு தடவை என் மனைவி, "ஏனுங்க, ஊட்டுக்குள்ள எதுக்குச் சட்டை போட்டுக்கிட்டே இருக்கறீங்க?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. எப்போதிலிருந்து போட ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. அன்றைக்குக் கழற்றினேன். மறுநாள் மறுபடி போட்டுக்கொண்டேன்.

மூன்றாவது வருஷம் பிஎஸ்ஏ ஏறியது. முதல் தடவை டாக்டர் பதறவில்லை, சில நேரம் ஏறி இறங்கும் என்றார். அடுத்த தடவையும் ஏறியிருந்தது. ஸ்கேனில் முன்பு இல்லாத ஒரு புள்ளி இருந்தது. ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்ததில் நோயின் தன்மை ஒரு படி கூடியிருந்தது. எலும்பில் ஒன்றுமில்லை, சுரப்பியை விட்டு வெளியே போகவில்லை என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். இப்போது வைத்தியம் செய்துகொள்வதுதான் நல்லது என்றார். என்ன வினோதம், அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. மூன்று வருஷமாக வாசலில் நின்றது உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது, இனி வருமா வருமா என்று பார்க்க வேண்டியதில்லை.

ஆபரேஷனா கதிர்வீச்சா என்பதில் கதிர்வீச்சு என்று சொன்னேன். அதோடு ஆறு மாதம் வரை ஒரு ஊசியும் போட்டு வர வேண்டும் என்றார். ஆண் ஹார்மோனை அது நிறுத்திவைக்கும், அந்த நோய் அதைத் தின்றுதான் வளரும் என்று விளக்கினார்.

நான் கேட்டேன்: "எங்க அப்பாவுக்குக் கத்தியில பண்ணுனத எனக்கு ஊசியில பண்றீங்க. அப்படித்தானுங்களா?"

டாக்டர், "காரியம் ஒண்ணுதான்," என்றார். "ஆனா ஊசிய நிறுத்துனா பெரும்பாலும் திரும்பி வந்துரும். அவருக்கு அந்த வழி இல்ல."

ஊசி போட்டு ஒரு மாதத்தில் அந்தச் சூடு வந்தது. மார்கழி மாதம். எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருக்கும்போது என் வயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி மேலே ஏறும். முகம் எரியும். பனியன் பிழிகிற அளவுக்கு நனையும். சில நிமிஷத்தில் போய்விடும், பிறகு குளிரில் நடுக்கம் எடுக்கும். காரணமில்லாமல் அழுகை வரும். பேத்தி கை காட்டினால் அழுகை, டிவியில் விளம்பரம் பார்த்தால் அழுகை. முதல் தடவை அந்தச் சூடு வந்தபோது நான் வாசற்படியில் உட்கார்ந்து கையிலிருந்த செய்தித்தாளால் விசிறிக்கொண்டேன். விசிறும்போது என் கை தானாக நின்றுவிட்டது. பின் அறையின் சாத்திய கதவுக்குப் பின்னால், மார்கழிக் குளிரில், பனையோலை விசிறியின் படபட சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அப்பாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அந்தச் சத்தத்தை நான் முப்பது வருஷமாக நினைக்கவே இல்லை.

கதிர்வீச்சுக்கு வாரத்தில் ஐந்து நாள் கோயமுத்தூர் போக வேண்டியிருந்தது. என் மனைவிக்கு ஒத்தாசையாக அக்கா வந்து எங்கள் வீட்டில் தங்கினாள். இத்தனை தாமதம் செய்தேன் என்று என்மேல் அவளுக்கு வருத்தம் இருந்தது, வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒரு நாள் சாயங்காலம் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். எனக்குச் சூடு வந்தது. சட்டையைக் கழற்றிப் போட்டேன். மார்பு லேசாகப் பருத்து, தொட்டால் வலிக்கும் நிலையில் இருந்தது. துண்டால் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தேன். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்தது என்னை இல்லை என்று எனக்குத் தெரிந்தது. எழுந்து சமையலறைப் பக்கம் போனாள். அங்கே அவள் அழுகிற சத்தம் கேட்டது. என் மனைவி பின்னாலேயே போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா ஈரத்துணி ஒன்றைக் கொண்டுவந்து என் முதுகில் போட்டாள்.

"அவரு முதுகுல இப்படி ஒரு துணி போடறதுக்குக்கூட எங்களய உள்ள உடலியே தம்பி," என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மகன் யூனிட்டிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். என்னை அந்தக் கோலத்தில் பார்த்தான். சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்ள ஒரு கணம் கை போனது. போட்டுக்கொள்ளவில்லை. அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஃபேனைக் கூட்டி வைத்தான்.

வைத்தியம் முடிந்து இப்போது ஒன்றரை வருஷம் ஆகிறது. ஊசி நிறுத்திய பிறகு சூடு மெல்ல மெல்லக் குறைந்தது. உடம்பு பாதி திரும்பியிருக்கிறது. வெளியூர் போனால் முதலில் கழிப்பறை எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்கிறேன். பிஎஸ்ஏ கீழேயே இருக்கிறது. டாக்டருக்குத் திருப்தி. முதலிலேயே வைத்தியம் செய்திருந்தால் அந்த ஊசி வேண்டியிருக்காதோ என்று அவரிடம் ஒரு தடவை கேட்டேன். இருக்கலாம் என்றார், ஆனால் முதலிலேயே செய்திருந்தால் மூன்று நல்ல வருஷத்தை இழந்திருப்பீர்கள், உங்களை மாதிரி இருந்த பலருக்கு இன்னும் மாறவே இல்லை, அன்றைக்குத் தெரிந்ததை வைத்து நாம் எடுத்த முடிவு சரிதான் என்றார். என் மனைவி அதைப் பற்றிப் பேசுவதில்லை. சரியா தப்பா என்று எனக்கு இன்னும் தெரியாது. நன்றாக இருந்த அந்த மூன்று வருஷம் முழுக்க நான் நன்றாக இருந்தேனா என்றும் தெரியாது.

போன மாதம் சேவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது என் வயசுக்காரர் ஒருவர் பக்கத்துக் குழாய்க்கு வந்தார். சாயப்பட்டறை வைத்திருப்பவர், முகப் பழக்கம்தான். என்னைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில், தனக்கும் அதே என்று சொல்லியிருக்கிறார்கள், ஆரம்பம்தான், பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்கிறார்கள், வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றார். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

நான் குரலைத் தணிக்காமலே சொன்னேன். முதலில் பார்த்துக்கொண்டிருந்ததை, மாறியதை, கதிர்வீச்சை, ஊசியை, சூட்டை. மார்பு பருத்ததைக்கூடச் சொன்னேன். பின்னால் கை கழுவ நின்றவர்கள் ஒதுங்கி வேறு குழாய்க்குப் போனார்கள். எந்த வழி என்று நான் சொல்ல மாட்டேன், அது உங்கள் டாக்டரும் நீங்களும் பேச வேண்டியது, ஆனால் இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள் என்றேன்.

அவர் ஈரக் கையைத் துடைக்காமலே நின்றார்.

"இப்பப் பயமெல்லாம் போயிருச்சுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க," என்றேன். "இருக்குதுங்க."

அவர் தலையாட்டினார். பந்தியில் அவருடைய மனைவி பாயசத்துக்குக் காத்திருப்பது அங்கிருந்தே தெரிந்தது. அவர் அந்தப் பக்கம் நடந்தார். பாதி வழியில் ஒரு தூணருகே நின்றார். பிறகு போய் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் வாய் திறக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு நான் குழாயடியிலேயே நின்றிருந்தேன்.